ஏரியல் வயரின் பித்தளைப் பின்

என் பொத்தான் டப்பாவுக்குள் ஒரு பித்தளைப் பின் கிடக்கிறது. பழைய ரேடியோ ஒன்றின் ஏரியல் வயர் முனையில் இருந்தது. போன வாரம் பேரன் கம்ப்யூட்டர் கேமுக்கு கிராஃபிக்ஸ் கார்டு வாங்க, நடுத்தர விலையில் இரண்டை வைத்துக்கொண்டு மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான். யூடியூபில் ஒருவர் இதைப் புகழ்ந்தால், "கம்பெனிக்காரன் ஓசியில கொடுத்திருப்பான் பாட்டி, அதான் இப்படிப் பேசுறான்" என்பான். இன்னொருவர் அதைப் புகழ்ந்தாலும் அதே பேச்சுதான். அந்தக் குரலை நான் முன்பே கேட்டிருக்கிறேன். பொத்தான் தைக்க டப்பாவைத் திறந்தவள், பின்னைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

என் மாமனார் ஆஸ்பத்திரியில் காயங்களுக்குக் கட்டுப் போடும் டிரெஸராக இருந்தவர். யாரையும் நம்பமாட்டார். மீன்காரர் நிறுத்துக் கொடுத்ததை வீட்டுத் தராசில் மறுபடி நிறுப்பார். மலாய் நாட்டுக்குச் சுதந்திரம் வரப்போகிறது, அறிவிப்பை நம் வீட்டிலேயே கேட்க வேண்டும் என்று காஜா பெராங் தெருவிலிருந்த எங்கள் வீட்டுக்கு ரேடியோ வாங்கக் கிளம்பினார். எனக்குக் கல்யாணமாகி அப்போது நாலு மாதம். டவுனில் இரண்டு கடைகளில் இரண்டு செட்டுகள். அளவு, விலை, வால்வுகளின் எண்ணிக்கை எல்லாம் ஏறக்குறைய ஒன்றுதான். ஒரு வாரம் வீட்டில் வைத்துப் பார்த்துவிட்டு வாங்கச் சொல்லிக் கடைக்காரர்கள் அனுப்புவார்கள். மாமா இரண்டையும் வரவழைத்து ஒரே மேசையில் வைத்தார். கூரையில் தனித்தனி ஏரியல். வினை என்னவென்றால், அதில் ஒரு கடையில் விற்பனையாள் என் அண்ணன்.

"மாமா, இது நல்லா கேக்குது" என்று ஒருநாள் வாய்தவறிச் சொல்லிவிட்டேன்.

"கேக்கும்மா, கேக்கும். ஒங்க அண்ணன் கடை செட்டாச்சே."

அதோடு விடவில்லை. தேநீர் கொண்டுபோனால்கூட என் கை எங்கே போகிறது என்று பார்ப்பார். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அந்த செட் தோற்றால் அந்த வீட்டில் என் பேச்சுக்கு இனி மதிப்பே இருக்காது என்று பட்டது.

கடைசி நாள் பரீட்சை வைத்தார். தீர்ப்புச் சொல்ல, பல தலைமுறைக்கு முன் வந்த தமிழர்களின் குடியிருப்பான கம்போங் செட்டியிலிருந்து, பீபி என்று எல்லோரும் கூப்பிடும் அம்மாவை அழைத்திருந்தார். நெற்றி நிறையத் திருநீறு பூசுவார், ஆனால் அங்கே பலரையும் போல வீட்டில் பேசுவது மலாய்தான், தமிழ் புரியாது. "அர்த்தம் புரியாதவங்கதான் சத்தத்த மட்டும் கேப்பாங்க" என்பது மாமாவின் கணக்கு. அந்த வாரம் முழுக்க நான் பீபி வீட்டுப் பக்கமே போகக் கூடாது என்று தடை வேறு. செட்டுகளைச் சாரோங் கைலியால் மூடி, என்னை அடுப்படிக்கு அனுப்பிவிட்டு, தமிழ்ச் செய்தியை ஒன்றில் கொஞ்சம், மற்றதில் கொஞ்சம் என்று வைத்தார். பீபி சிரித்துக்கொண்டே இடப்பக்கத்தைக் காட்டி, "இனி லாகி தெராங்" என்றார். இதுதான் தெளிவாம். சாரோங்கை விலக்கினால் அண்ணன் கடை செட்.

சுதந்திரம் அறிவித்த காலையில் தெருவே எங்கள் வாசலில் நின்றது. ரேடியோவில் கூட்டம் விடுதலையை மலாயில் "மெர்டேக்கா" என்று முழங்க, இங்கேயும் எல்லோரும் முழங்கினார்கள். மாமா கண்ணைத் துடைத்துக்கொண்டு அத்தனை பேர் முன்னாலும் சொன்னார்: "என் மருமக சொன்ன செட்டு லா இது. நாந்தான் அந்தப் புள்ளைய அநியாயமா சந்தேகப்பட்டேன்." நான் தலையைக் குனிந்துகொண்டேன். அடக்கம் என்று நினைத்தார்கள்.

பரீட்சையன்று காலை மேசையைத் துடைக்கும்போது, மற்ற செட்டின் ஏரியல் வயரிலிருந்து பின்னைக் கழற்றி முந்தானையில் முடிந்துகொண்டு, அது கரகரக்கட்டும் என்று வெறும் வயரைப் பட்டும் படாமலும் துளையில் செருகி வைத்தவள் நான். உண்மையில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இருந்திருக்காது. அன்றிலிருந்து நான் வாங்கிவந்த மீனை மாமா நிறுக்கவே இல்லை. கடைசிக் காலத்தில் மருந்துகளைக்கூட என் முன்னால் வைத்து, "நீ பாத்துக் குடுத்தா சரிம்மா" என்பார். சொல்லிவிடலாம் என்று எத்தனையோ முறை வாய்வரை வந்தது. சொன்னால் அந்த மனிதருக்கு உலகத்தில் நம்ப ஒருவர்கூட இருக்கமாட்டார் என்று விழுங்கிக்கொண்டேன்.

"யாரத்தான் பாட்டி நம்புறது?" என்று திரையிலிருந்து கண்ணெடுக்காமல் கேட்டான் பேரன். பின் என் உள்ளங்கையில் இருந்தது.

"என்னைக் கேக்காத, ஐயா" என்று சொல்லி, அதை டப்பாவில் போட்டு மூடினேன்.