சில மாதங்கள் செயின்ட் லூசியாக்காரன்

இலையுதிர்காலத்தில் ஒரு காலை, ஆஸ்பத்திரி ஊழியர் அலுவலகத்தில் இருக்கும் மாதாம் ஜினெத் என்னை நடைபாதையில் மறித்து நிறுத்தினார். உன் தீவில் பெரிய புயல் அடித்ததாமே, வீட்டில் எல்லோரும் சுகமா என்று பிரெஞ்சில் கேட்டார். மொன்ட்ரியாலின் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் உள்ள அந்த ஆஸ்பத்திரியில் நோயாளிகளைக் கட்டிலோடு வார்டுக்கு வார்டு தள்ளிச் செல்வது என் வேலை. என்னைப் போன்றவர்களின் ஊரைப் பற்றி அங்கே யாரும் விசாரிப்பதில்லை. அதனால் எனக்கு உள்ளம் குளிர்ந்துவிட்டது. எனக்குத் தெரிந்த பிரெஞ்சைத் திரட்டி, ஓம், மட்டக்களப்பில் பெரிய சூறாவளி அடித்தது, எங்கள் வீட்டுக் கூரை போய்விட்டது, அம்மா விடியும்வரை கிணற்றுக்கட்டைப் பிடித்துக்கொண்டு இருந்தாராம் என்று சொன்னேன். அவர் நெஞ்சில் கை வைத்துக்கொண்டு, எப்போது என்றார். நான் பிறப்பதற்கு முன்னால் என்றேன். கொஞ்ச நேரம் என்னைப் பார்த்துவிட்டுத் தோளில் தட்டிக்கொடுத்துப் போனார்.

இப்படி இன்னும் சில நடந்தன. உங்கள் கடற்கரை அழகாமே என்று அவர் கேட்டார், ஓம் என்றேன். வாழைப்பழம் நிறைய விளையுமாமே என்றார், அதற்கும் ஓம் என்றேன். கிரெயோல் பேசுவாயா என்று கேட்டபோதுதான் கொஞ்சம் முழித்தேன். தமிழைத்தான் அப்படிச் சொல்கிறாராக்கும் என்று நினைத்து, வீட்டில் பேசுவோம் என்று சொல்லிவைத்தேன். இங்கே வந்து ஏழு வருடத்தில் பாதிப் பேச்சு பிடிபடாமலே தலையாட்டப் பழகிவிட்டவன் நான். புலம்பெயர்ந்து வாழ்கிறவர்களுக்கு இது புரியும். ஊரில் இருந்து வாசிக்கிறவர்கள் சிரிக்கலாம், குற்றமில்லை.

விஷயம் வெளிப்பட்டது வசந்தகாலத்தில். பாரிஸில் இருக்கும் என் அக்கா, மூன்று மாத விசாவில் அம்மாவைத் தன்னிடம் எடுப்பித்தாள். அம்மாவைக் கனடாவுக்கு எடுக்க நான் முன்பு முயன்று, விசா மறுக்கப்பட்டிருந்தது. நான் ஊருக்குப் போக முடியாது. அகதியாக ஏற்றுக்கொள்ளப்பட்டு நிரந்தர வதிவிடம் கிடைத்தவன், தப்பி வந்த நாட்டுக்கே திரும்பிப் போனால் அந்த ஏற்பே கேள்விக்குள்ளாகிவிடும். எனவே பாரிஸ்தான் வழி. அம்மா அங்கே நிற்கும் நாட்களுக்குள் நானும் போய்ச் சேர வேண்டும். அம்மாவை நேரில் பார்த்துப் பதினொரு வருடம், ஊரை விட்டுக் கனடா வந்து சேரவே நாலு வருடம் பிடித்தது. அவருக்குச் சீனி வருத்தம், ஒரு கண் பார்வை குறைந்துவிட்டது. இன்னொரு தடவை இவ்வளவு தூரம் பறந்து வருவார் என்று எனக்கு நம்பிக்கை இல்லை.

பிரெஞ்சு விசாவுக்காக, கடவுச்சீட்டுக்குப் பதிலாக அகதிகளுக்குத் தரப்படும் நீல நிறப் பயணப் பத்திரத்தையும் நிரந்தர வதிவிடத்துக்கான பி.ஆர். கார்டையும் கொண்டுபோய்க் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த பெண் இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். நீங்கள் எத்தனை நாட்டில் பிறந்தீர்கள் என்று கேட்டாள். ஒன்றில்தான் என்றேன். அவள் கார்டைத் திருப்பி, நாட்டைக் குறிக்கும் மூன்று எழுத்தின்மேல் நகத்தை வைத்தாள். இலங்கைக்கு எல்.கே.ஏ. என்று இருக்க வேண்டும். என் கார்டில் எல்.சி.ஏ. என்று இருந்தது. அது எந்த நாடு என்று நானே அவளைத்தான் கேட்டேன். அவள் கணினியில் பார்த்துவிட்டு, செயின்ட் லூசியா, கரீபியன் கடலில் ஒரு தீவு என்றாள். ஊழியர் அலுவலகத்தில் நான் கொடுத்த கார்டுப் பிரதி மாதாம் ஜினெத்திடம் இருந்தது. அவருடைய புயல், வாழைப்பழம், அந்தத் தீவுக்காரரின் கிரெயோல் பேச்சு எல்லாம் அந்த நிமிடத்தில் விளங்கின. கார்டு திருத்தி வரும்வரை விசா விண்ணப்பத்தை ஏற்க முடியாது என்று எல்லாவற்றையும் அவள் திருப்பித் தந்துவிட்டாள்.

கார்டு வந்த அன்று நான் வாசிக்காமல் இல்லை. என் பெயர் நீளம், அதை வெட்டிக் குறைத்துவிடுவார்கள் என்ற பயத்தில் ஒவ்வோர் எழுத்தாக விரல் வைத்துப் பார்த்தேன். பிறந்த திகதியைப் பார்த்தேன். நாட்டை மட்டும் பார்க்கவில்லை. நான் எந்த நாட்டுக்காரன் என்பதில் எனக்கு ஒருநாளும் சந்தேகம் வந்ததில்லை.

என்னோடு வீட்டைப் பகிர்ந்து இருக்கும் சிவா அண்ணை யாழ்ப்பாணத்துக்காரர். முப்பது வருடமாக மொன்ட்ரியாலில் இருப்பவர், எப்போதோ குடியுரிமை எடுத்துவிட்டார். விஷயத்தைக் கேட்டுவிட்டுக் கார்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"செயின்ட் லூசியா எண்டா வெஸ்ட் இண்டீஸ் எல்லே? இனி நீ மேட்ச் பாக்கேக்க எங்கட பக்கம் இருக்கேலாது, சொல்லிப்போட்டன்."

"அண்ணை, அம்மா பாரிஸில நிக்கிறா."

அவர் முகம் மாறிவிட்டது. "ஓமடா, அதை மறந்துபோனன். நாளைக்கே போன் எடு. பேந்து பாப்பம் எண்டு வைச்சிராத."

மறுநாள் இடைவேளையில் குடிவரவு அலுவலகத்துக்கு அழைத்துத் தொலைபேசியில் காத்திருந்தேன். ஒரே பியானோ மெட்டு திரும்பத் திரும்ப ஓடியது. சொல்ல வேண்டியதை மனதுக்குள் தமிழில் அடுக்கிப் பிரெஞ்சுக்கு மாற்றிக்கொண்டிருந்தேன். நம்முடைய 'பிழை' என்ற சொல் பொல்லாதது. எழுத்துப் பிழையும் பிழைதான், குற்றமும் பிழைதான். பெண் குரல் ஒன்று 'போன்ஜூர்' என்றதும் எனக்குப் பதற்றத்தில் வாயில் வந்தது, குற்றத்தைக் குறிக்கும் 'ஃபோத்' என்ற சொல். கார்டில் ஒரு பிழை இருக்கிறது என்று சொல்ல நினைத்தவன், என்னுடைய பிழை, மன்னிக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். அவள் விவரம் கேட்டாள். தன் பக்கத்தில் எதையோ தட்டிப் பார்த்தாள். பிறகு நிதானமாக, "நோன், மெஸ்யூ. செ நோத்ர் எரர்" என்றாள். இல்லை ஐயா, இது எங்களுடைய பிழை.

இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டேன். அவள் அதையே திரும்பச் சொல்லி, மன்னிப்பும் கேட்டாள். ஒரு அரசாங்கம் எங்களுடைய பிழை என்று என்னிடம் சொல்லி அதற்கு முன் கேட்டதில்லை.

இதைச் சொன்னால் என் முதல் பிழைக் கார்டைப் பற்றியும் சொல்ல வேண்டும். யுத்தகாலம். எனக்கு இருபது வயது, வேலை தேடிக் கொழும்புக்குப் போய் வெள்ளவத்தையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தேன். பொலிசார் சோதனைக்கு வந்து அடையாள அட்டையைக் கேட்டார்கள். தமிழர்களின் அட்டையில் பெயர் சிங்களத்திலும் இருக்கும், தமிழிலும் இருக்கும். எனக்குச் சிங்களம் வாசிக்கத் தெரியாது. அதில் என் பெயரில் ஓர் எழுத்து மாறிக் கிடந்ததாம். அதை எழுதியது ஏதோ ஒரு கந்தோரில் இருந்த ஒரு கிளார்க். ஆனால் வாகனத்தில் ஏற்றப்பட்டது நான். இரண்டு பெயரில் எது உன் பெயர், மற்றது யாருடைய பெயர் என்று பொலிஸ் நிலையத்தில் கேட்டார்கள். பதில் சொல்லச் சொல்ல அடித்தார்கள். அதைப் பற்றி இதற்குமேல் எழுதப் பிடிக்கவில்லை.

அம்மா மட்டக்களப்பிலிருந்து பஸ் ஏறி வந்தார். அதற்குமுன் கொழும்பைப் பார்த்தே இராதவர். பால்மா வந்த பையை மடித்து, அதற்குள் என் பிறப்புப் பத்திரத்தை வைத்து, இடுப்பில் சொருகிக்கொண்டு வந்திருந்தார். பெத்தவள் நான் சொல்றன், இவன்தான் அவன் என்று மேசைக்கு முன்னால் நின்று சொன்னதையே சொன்னார். அதிகாரி பத்திரத்தைப் புரட்டிவிட்டு, பிழையான கார்டை ஏன் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தாய் என்று என்னைத்தான் திட்டினார். வெளியே வந்து ஒரு கடையில் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தபோது அம்மா சொன்னது ஒன்றுதான். "இனி ஆர் என்ன எழுதித் தந்தாலும் எழுத்துக்கூட்டி வாசிச்சிட்டு வாங்கு, மகன்."

திருத்தம் கேட்டு நான் எழுத வேண்டியிருந்த கடிதம் நீளமானதல்ல. பிறந்தது இலங்கையில், கார்டில் தவறாக வந்துள்ளது, திருத்தித் தரவும், அவ்வளவுதான். ஆனால் அதை எழுத உட்கார்ந்தபோது எனக்கு எரிச்சலாக வந்தது. இதே நகரத்தில்தான், ஓர் அறையில், ஓர் அதிகாரிக்கு முன்னால், அந்த நாட்டுக்கு என்னை அனுப்பாதீர்கள் என்று மன்றாடியிருந்தேன். இப்போது அந்த நாட்டின் பெயரை எனக்கே திருப்பித் தாருங்கள் என்று மன்றாட வேண்டும். ஆதாரமாக இணைத்த பிறப்புப் பத்திரப் பிரதியில் தகப்பனின் இனம் என்ற இடத்தில் 'இலங்கைத் தமிழர்' என்று இருக்கிறது. சோதனைச் சாவடிகளில் என்னைத் தனியாக நிறுத்திவைத்த இரண்டு சொல். இப்போது எனக்குச் சாட்சிக்கு இருந்தது அதுதான்.

பிழையான கார்டையும் கடிதத்தோடு திருப்பி அனுப்ப வேண்டும் என்பது விதி. அனுப்பினால் கையில் கார்டு இல்லை. அனுப்பாவிட்டால் விசா இல்லை. பதிவுத் தபாலில் போட்டுவிட்டு வந்து அம்மாவுக்கு அழைத்தேன்.

"அம்மா, இப்ப உடன வர ஏலாது. கார்டில ஒரு பிழை."

பின்னால் அக்காவின் பிள்ளைகள் பிரெஞ்சில் சண்டை பிடிப்பது மட்டும் கேட்டது.

"இப்ப எங்க நிக்கிறாய்?" என்றார் அம்மா, குரலைத் தாழ்த்தி.

"வீட்டில."

"பக்கத்தில ஆரும் நிக்கிறாங்களா? நிண்டா ஓம் எண்டு மட்டும் சொல்லு."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. "ஐயோ அம்மா, அப்பிடி ஒண்டுமில்ல. ஆரும் புடிக்கல்ல. இது அவங்கட பிழையாம். அவங்களே சொன்னவங்க."

"அவங்க அப்பிடிச் சொல்ல மாட்டாங்க, மகன்."

"சொன்னவங்க அம்மா. மன்னிப்பும் கேட்டவங்க."

"அடிச்சவங்களா?"

"இல்லம்மா."

அவர் கேட்டார். "நான் வரட்டா? உன்ட பிறப்புப் பத்திரம் என்ட பேக்கிலதான் இரிக்கி. வந்து சொல்லட்டா, நீ ஆரெண்டு?"

நான் அழுதேன். அவருக்குக் கேட்காமல் இருக்கத் தொலைபேசியைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு அழுதேன். மகன் வீட்டுக்கு விசா கிடைக்காத மனுசி, மகனுக்குச் சாட்சி சொல்லப் பத்திரத்தோடு பாரிஸ்வரை வந்திருக்கிறார்.

பிறகு காத்திருப்பு. வாரத்துக்கு ஒருமுறை அந்தப் பியானோ மெட்டைக் கேட்டேன். ஒருநாள் அதே பெண் எடுத்தாள், குரலில் அடையாளம் தெரிந்தது. அம்மா பாரிஸில் நிற்கிறார், அவருடைய விசா முடியப்போகிறது என்றேன். தன் தாய் ஹெய்ட்டியில் என்றும், எனக்குப் புரிகிறது மெஸ்யூ என்றும் சொல்லி, அவசரம் என்று குறிப்புப் போட்டாள். நல்ல மனுசி. ஊரில் என்னை அடித்தவர்களிடம் வேகம் இருந்தது, இங்கே என்னிடம் மன்னிப்புக் கேட்டவர்களிடம் அது இல்லை. நன்றிகெட்டவன் என்று நினைத்தாலும் நினையுங்கள், அந்த வாரங்களில் எனக்கு மன்னிப்பு வேண்டியிருக்கவில்லை, கார்டுதான் வேண்டியிருந்தது.

அம்மா புறப்படும் நாளும் வந்தது. விமான நிலையத்திலிருந்து அக்கா வீடியோவில் காட்டினாள். குளிருக்குப் போட்ட பெரிய கோட்டுக்குள் அம்மா சின்னதாகத் தெரிந்தார். எனக்கென்று கொண்டுவந்த முந்திரியம் பருப்பை அக்காவிடம் கொடுத்துவிட்டதாகச் சொன்னார். அவர் போன அடுத்த கிழமை என் கார்டு தபாலில் வந்தது. கூடவே, ஏற்பட்ட சிரமத்துக்கு வருந்துகிறோம் என்று ஒரு கடிதம்.

ஆஸ்பத்திரியில் மாதாம் ஜினெத்திடம் புதுக் கார்டைக் காட்டினேன். அவர் வாசித்துவிட்டு, அப்படியானால் அந்தச் சூறாவளி உண்மையாகவே அடித்ததா என்று கேட்டார். அடித்தது என்றேன். இவ்வளவு நாளும் நான் பகிடி விட்டதாக நினைத்தாராம். மேசையில் இருந்த பெட்டியைத் திறந்து எனக்கு ஒரு பிஸ்கட் தந்தார்.

ஞாயிற்றுக்கிழமை அம்மாவுக்கு வீடியோவில் அழைத்தேன். அங்கே பின்னேரம். காட்டு பாப்பம் என்றார். கார்டைக் கமெராவுக்கு முன்னால் பிடித்தேன். நல்ல கண்ணைத் திரைக்குக் கிட்டக் கொண்டுவந்து பார்த்தார்.

"எழுத்துக்கூட்டி வாசிச்சியா?"

"ஓம் அம்மா. எல்லாம் வாசிச்சன்."

"நாடு எண்டு என்ன போட்டிரிக்கி?"

"இலங்கை."

"பிழை ஒண்டுமில்லையே?"

"இல்ல."

"அப்ப சரி." முகம் தெளிந்தது. "அவங்களே எழுதித் தந்திட்டாங்கதானே இது உன்ட நாடெண்டு. இனி நீ இஞ்ச வரலாம் என்ன?"

பாப்பம் அம்மா என்றேன். அவர் மருந்து போட வேண்டும் என்று எழுந்து போனார். நான் கார்டைப் பத்திரமாக வைப்பதற்காக அந்த நீலப் பயணப் பத்திரத்தைத் திறந்தேன். அதில் இது எந்தெந்த நாடுகளுக்குச் செல்லுபடியாகும் என்று ஒரு வரி இருக்கிறது. இலங்கை தவிர எல்லா நாடுகளுக்கும். அம்மா சொன்னபடி விரல் வைத்து, எழுத்துக்கூட்டி வாசித்தேன். அதில் ஒரு எழுத்தும் பிழையில்லை.