பெண்கள் பிரிவுக்கு மூன்றாவது ஆள்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே கார் ரேஸ் மேல் ஆசை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஆசையெல்லாம் இல்லை. கோபத்தில் போய் விழுந்தவள் நான். மூன்று வருஷமாக உள்ளே வைத்துச் சோறு போட்டு வளர்த்த கோபம்.

ஒரகடம் பக்கம் ஒரு கார் கம்பெனியில் யார்டு டிரைவராக இருக்கிறேன். லைனிலிருந்து இறங்குகிற புது வண்டியை எடுத்துக்கொண்டு போய் ஸ்டாக் யார்டில் வரிசையாக நிறுத்த வேண்டும். வேனில் ஏறித் திரும்பி வந்து அடுத்த வண்டியை எடுக்க வேண்டும். முன் வண்டிக்கும் பின் வண்டிக்கும் நடுவில் ஒரு சாண் இடம். மோதிரம், வாட்ச், பெல்ட் பக்கிள் எதுவும் உடம்பில் இருக்கக் கூடாது, பெயிண்டில் கீறல் விழும். ஸ்பீடோமீட்டர் முள் இருபதைத் தாண்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேல் ஒரு விதி: யார்டுக்குள் யார் கையைத் தூக்கினாலும், அவன் சோம்பல் முறிக்கத் தூக்கியிருந்தாலும், அந்த இடத்திலேயே நின்றுவிட வேண்டும். ஹேண்ட் பிரேக் போட்டு, இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேல் தெரிகிற மாதிரி வைத்துக்கொண்டு, அவன் கையை இறக்கும்வரை காத்திருக்க வேண்டும்.

சாத்தூர் பக்கத்திலிருந்து ஐடிஐ படித்துவிட்டு வந்தவள் நான். சுங்குவார்சத்திரத்தில் ஆறு பேர் படுக்கிற அறையில், ஒரு பாத்ரூமுக்கு வரிசையில் நின்று, மூன்று வருஷம் கிடந்தது இருபதில் உருட்டுவதற்கு இல்லை. கம்பெனிக்குள்ளேயே ஒரு டெஸ்ட் டிராக் இருக்கிறது. புது வண்டியை அங்கே வேகமாக ஓட்டிப் பார்த்து, எங்கே சத்தம் வருகிறது, பிரேக் எந்தப் பக்கம் இழுக்கிறது என்று எழுதிக் கொடுக்கிற வேலை. அங்கே போய்விட்டால் கான்ட்ராக்ட் போய் கம்பெனி ரோல், நிரந்தர வேலை. அதற்கு ஆள் எடுக்கும்போது யார்டிலிருந்து பெயர் லிஸ்ட் அனுப்புவது எங்கள் இன்சார்ஜ். இரண்டு தடவை எழுதிக் கொடுத்தேன். இரண்டு தடவையும் என் பெயர் போகவில்லை. எனக்கு ஒரு வருஷம் பின்னால் வந்து, ரிவர்ஸில் பம்பரை உடைத்தானே ஒருத்தன், அவன் பெயர் போனது. போய்க் கேட்டேன். லேடீஸுக்கு என்ன அவசரம், அடுத்த தடவை பார்க்கலாம் என்றார். அன்றிலிருந்து அந்த மனுஷன் முகத்தைப் பார்த்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அப்பேர்ப்பட்டவர்தான் ஒரு நாள் டீ நேரத்தில் கப்பைத் தூக்கிக்கொண்டு நான் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்தார். ஞாயிற்றுக்கிழமை எனக்கு வேலை இருக்கிறதா என்று கேட்டார். ஓவர்டைம் கொடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். இல்லையாம், ஸ்பிரிண்ட் ரேஸாம்.

விஷயம் இதுதான். வல்லம் வடகால் தாண்டி ஒரு லாரி யார்டு. ஞாயிற்றுக்கிழமை அதைக் காலி செய்து, காங்கிரீட் தரையில் ஆரஞ்சு கோன்களை வைத்து, வளைந்து நெளிந்து போகிற பாதை போடுவார்கள். ரோட்டில் ஓடுகிற சொந்த வண்டியே போதும், ஒரு ஹெல்மெட் போதும். ஒவ்வொரு வண்டியாகத்தான் விடுவார்கள். யாரையும் இடித்து முந்த வேண்டியதில்லை, யார் குறைந்த நேரத்தில் சுற்றி வருகிறார்களோ அவர்களுக்குக் கப்பு. ஆளுக்கு இரண்டு சுற்று, அதில் நல்லதுதான் கணக்கு. இன்சார்ஜின் மனைவி அதில் பெண்கள் பிரிவில் ஓட்டுகிறவர். மூன்று பேராவது சேர்ந்தால்தான் பெண்கள் பிரிவு நடக்கும். இந்தத் தடவை மனைவியும் சென்னையிலிருந்து வரும் ஒரு காலேஜ் பெண்ணும் மட்டும்தான் பெயர் கொடுத்திருக்கிறார்கள். மூன்றாவது தலைக்கு நான்.

"நீ சும்மா ஒரு ரவுண்டு சுத்தினு வந்தா போதும்மா. எங்க வூட்டு வண்டிதான், எங்கயும் அடிச்சிடாத. ஃபர்ஸ்ட்டு எங்க வூட்டம்மாவுக்கு வர்ணும், அவ்ளோதான். திங்கக்கெழம டெஸ்ட் டிராக் லிஸ்டு போவுது, தெரியும்ல?"

சரி சார் என்றேன். வேறு என்ன சொல்வது? சின்னப் பிள்ளைகள் விளையாட்டில் ஆள் குறைந்தால் ஒப்புக்குச் சப்பாணி என்று ஒருத்தியை நிறுத்துவார்களே, அந்தச் சப்பாணி நான். தோற்றால் டெஸ்ட் டிராக். ஜெயித்தால் சாகும்வரை இருபதில் உருட்டல். அறையில் சொன்னபோது பக்கத்துப் பாய்க்காரி, தோற்றுவிட்டு வாடி, உங்கப்பன் வீட்டுச் சொத்தா போகப் போகிறது என்றாள். அவள் சொன்னது நியாயம்தான். அதனாலேயே அவளோடு இரண்டு நாள் பேசவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் போனேன். எட்டு மணிக்கே காங்கிரீட் கொதித்தது. முப்பது நாற்பது வண்டி, எல்லாம் வீட்டுப் பிள்ளைகள் மாதிரி துடைத்து வைத்திருந்தார்கள். கம்பி வேலி ஓரம் ஒரு கூட்டம். ஆண்கள் ஓட்டி முடித்து எங்கள் முறை வந்ததும், லேடீஸ் வராங்க, கோனையெல்லாம் எண்ணி வச்சுக்கங்கப்பா என்றான் ஒருத்தன். எல்லாரும் சிரித்தார்கள். இன்சார்ஜும் சிரித்தார், மனைவி பக்கத்தில் நிற்கும்போதே.

அந்த அம்மாவையும் சேர்த்துத்தான் வெறுக்க வேண்டும் என்று தீர்மானித்துக்கொண்டு போயிருந்தேன். புருஷன் தயவில் கப்பு வாங்குகிற மகராசி. ஆனால் அவர் அதற்கு இடமே கொடுக்கவில்லை. ஏதோ பேங்கில் வேலையாம். முதல் பார்வையிலேயே வாம்மா என்று கூப்பிட்டு, சீட்டை முன்னால் இழுக்கிற லீவரைக் காட்டினார். துப்பட்டாவை வாங்கி மடித்துத் தன் பையில் வைத்தார். பாதையை நடந்து பார்க்க விட்டபோது என்னையும் கூட்டிக்கொண்டு போனார். "இந்த மூணாவது வளைவுல மட்டும் அவசரப்பட்டுத் திரும்பிடாதம்மா. கொஞ்சம் பொறுத்துத் திரும்பு. இல்லன்னா வெளிய தள்ளிடும்" என்றார். போட்டிக்கு வந்தவளுக்கு வழி சொல்லிக் கொடுக்கிறவரை என்ன செய்வது? எனக்கு எரிச்சல் இன்னும் அதிகமாயிற்று.

அவர் முதலில் ஓட்டினார். நன்றாகவே ஓட்டினார், பொய் சொல்லக் கூடாது. ஒரு கோனையும் தொடவில்லை. நாற்பத்திரண்டு நொடி என்று போர்டில் எழுதினார்கள். காலேஜ் பெண் இரண்டு கோனைத் தட்டிவிட்டு ஐம்பதில் வந்தது. அப்புறம் அந்த அம்மா ஓட்டிய வண்டியிலேயே நான் ஏறினேன்.

கொடி இறங்கியது. முதல் முறையாக என் காலை யாரும் பிடித்து வைக்கவில்லை. செகண்ட் கியரில் இன்ஜின் கத்தியது, டயர் அலறியது. பயந்தேன். மூன்றாவது வளைவில் அந்த அம்மா சொன்னபடி பொறுத்துத் திரும்பியதும் வண்டி அப்படியே என் பேச்சைக் கேட்டது. அந்த நிமிஷத்தில் பயம் போயிற்று. சிரித்தேன் என்று நினைக்கிறேன். தோற்க வேண்டும் என்ற நினைப்பே இல்லை.

ஐந்தாவது வளைவில் பின்பக்கம் ஒரு கோனை இடித்தது. கோன் விழுந்தால் பக்கத்தில் நிற்கும் ஆள் கையைத் தூக்குவார், நேரம் குறிக்கிறவர் அதைப் பார்த்து இரண்டு நொடி கூட்டிக்கொள்வார், வண்டி நிற்கக் கூடாது. காலையில் இதைத் தெளிவாகச் சொல்லியிருந்தார்கள். நானும் தலையாட்டியிருந்தேன். ஆனால் அந்த ஆள் கையைத் தூக்கியதும் என் கால் பிரேக்கில் ஏறிவிட்டது. நின்றேன். ஹேண்ட் பிரேக் போட்டேன். இரண்டு கையையும் ஸ்டீயரிங் மேல் வைத்துக்கொண்டு, அவர் கையை இறக்கட்டும் என்று உட்கார்ந்திருந்தேன்.

அவரோ நான் போகட்டும் என்று கையைத் தூக்கியபடியே நிற்கிறார். வேலி ஓரத்தில் சிரிப்பு வெடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. மூன்று வருஷத்தில் என்னை எப்படிப் பழக்கி வைத்திருக்கிறார்கள், பாருங்கள். மிச்சப் பாதையை எப்படி ஓட்டினேன் என்று ஞாபகமில்லை. ஒரு நிமிஷத்துக்கு மேல் ஆகியிருந்தது.

வெட்கத்தில் ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்திருந்தேன். இன்சார்ஜ் வந்தார். வண்டிக் கூரையை இரண்டு தட்டுத் தட்டினார். ஜன்னலில் குனிந்து, "சூப்பர்மா. கரெக்டா பண்ட்ட. ரெண்டாவதும் இதே மாதிரி முடிச்சிடு" என்றார்.

கேலி செய்திருந்தால் தாங்கியிருப்பேன். அசிங்கமாகத் திட்டியிருந்தாலும் தாங்கியிருப்பேன். அவர் என்னடாவென்றால் பாராட்டுகிறார். நான் வேண்டுமென்றே நின்றேனாம். என் முட்டாள்தனத்தைக்கூடத் தனக்குச் செய்த ஊழியமாக எடுத்துக்கொண்டார். எனக்குக் கண்ணெல்லாம் இருட்டிக்கொண்டு வந்தது. லிஸ்ட், கம்பெனி ரோல், ஆறு பேர் அறை எல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்துதான் அடுத்ததைச் செய்தேன். பின்னால் எவளும் வந்து, பாவம் ஆத்திரத்தில் அறிவு கெட்டுப் போயிற்று என்று எனக்காகப் பரிந்து பேச வேண்டாம்.

இரண்டாவது சுற்றில் அந்த அம்மா நாற்பத்தொன்றுக்கு வந்தார். நான் நாற்பதில் வந்தேன். வளைவுக்கு ஒரு கெட்ட வார்த்தையாக இன்சார்ஜைத் திட்டிக்கொண்டே ஓட்டினேன், ஒரு கோன்கூட அசையவில்லை. போர்டில் நேரத்தை எழுதியதும் இன்சார்ஜ் முகத்தைத் திருப்பிக்கொண்டு போனுக்குள் தலையை விட்டுக்கொண்டார். அவர் மனைவி கை தட்டினார். நிஜமாகவே தட்டினார்.

கப்பு கொடுத்து முடித்தார்கள். தண்ணீர் கேன் பக்கத்தில் நின்று முகம் கழுவிக்கொண்டிருந்தேன். அந்த அம்மா வந்து என் துப்பட்டாவைக் கொடுத்தார். கொடுத்துவிட்டுப் போகவில்லை.

"இப்போ இவ்ளோ நல்லா ஓட்டினியே, மொத ரவுண்டுல எதுக்கு நின்ன? அவரு வந்து உன்கிட்ட ஏதோ சொன்னதைப் பார்த்தேன். அவரு நிக்கச் சொன்னாரா?"

இல்லை அக்கா, யார்டுப் பழக்கம், கையைத் தூக்கியதும் கால் தானாகப் போய்விட்டது. இதுதான் நிஜம். சொல்ல ஒரு மூச்சு போதும். நான் அவர் முகத்தையும் பார்த்தேன், தூரத்தில் வண்டிக் கதவில் சாய்ந்து நின்ற அவர் புருஷனையும் பார்த்தேன்.

"ஆமாக்கா" என்றேன். "நீங்க ஜெயிக்கணும்னாரு. லிஸ்ட்ல பேரு போகணும்னா தோத்துட்டு வரணும்ல."

இன்சார்ஜ் அப்படிச் சொன்னதும் நிஜம்தான், லிஸ்ட் விஷயமும் நிஜம்தான். ஆனால் கேட்ட கேள்விக்கு அது பொய்.

அந்த அம்மா சத்தம் போடவில்லை. நேராகப் புருஷனிடம் போனார். நானும் பின்னாலேயே போனேன், பார்க்க வேண்டும் என்றுதான் போனேன். "போன ரெண்டு வாட்டியும் எனக்குத்தான் கப்பு குடுத்தாங்க" என்றார். "அப்பவும் இப்படித்தானா?"

இன்சார்ஜ் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டார். யார்டில் ஒரு வார்த்தைக்கு ஒன்பது வார்த்தை பேசுகிற மனுஷனுக்கு ஆமாம் என்றும் வரவில்லை, இல்லை என்றும் வரவில்லை. எனக்கு வயிறு குளிர்ந்தது. மறைத்து என்ன ஆகப் போகிறது?

அந்த அம்மா கையிலிருந்த இரண்டாம் பரிசுக் கப்பை வண்டிக் கூரை மேல் வைத்துவிட்டு, ரோட்டுக்குப் போய் ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டார்.

திங்கட்கிழமை லிஸ்ட் போனது. என் பெயர் இல்லை. நான் கேட்கவும் இல்லை. அவரும் அதற்கப்புறம் என்னிடம் வண்டி நம்பரைத் தவிர வேறு பேசியதில்லை. ஆனால் ரேஸ் என்னை விடவில்லை. அந்தக் காலேஜ் பெண் என் நம்பரை வாங்கிக்கொண்டு போயிருந்தது. அதன் வண்டியில் இரண்டு பேரும் மாறி மாறி ஓட்டுகிறோம். பெண்கள் பிரிவுக்கு மூன்று பேர் சேராததால் ஆண்களோடுதான் ஓட்டுகிறோம். கடைசியில்தான் வருகிறேன். இருந்தாலும் அங்கே எவன் கையைத் தூக்கினாலும் இப்போது நிற்பதில்லை.

நாலைந்து மாதம் கழித்து சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப்பில் அந்த அம்மாவைப் பார்த்தேன். அவரேதான் பக்கத்தில் வந்தார். இன்னும் ஓட்டுகிறாயா என்று கேட்டார். ஆமாம் என்றேன். நல்லா ஓட்டு, விட்டுடாதே என்றார். நீங்கள் ஏன் வருவதில்லை என்று நான் கேட்டிருக்கக் கூடாது. கேட்டுவிட்டேன்.

"எனக்கு இன்னாத்துக்கும்மா" என்றார். "அந்த ரெண்டு கப்பையும் பழைய இரும்புக்குப் போட்டுட்டேன். நானா ஓட்டி வாங்கினேன்னு ஊர் பூரா சொல்லினு இருந்தேன் பாரு, அத நெனச்சாதான் சிரிப்பு வருது."

சிரிக்கவும் செய்தார். அவர் ஓட்டியதை நான் பார்த்திருக்கிறேன். அந்த இரண்டு கப்பும் அவர் கைப்பட வாங்கியதாகவே இருக்கலாம். அவர் புருஷன் அப்போதும் மற்றவர்களைத் தோற்கச் சொல்லியிருக்கவும் கூடும், சொல்லாமலும் இருந்திருக்கலாம், எனக்குத் தெரியாது. எனக்குத் தெரிந்தது ஒன்றுதான்: அன்றைக்கு நான் நின்றது யார் சொல்லியும் இல்லை. அதைச் சொன்னால் பழைய கப்புகள் தானே ஓட்டி ஜெயித்தவைதானோ என்று அவருக்கு ஒரு சந்தேகம் வரும், நல்ல சந்தேகம். நாக்கு நுனிவரை வந்தது. சொன்னால் அந்த மனுஷன் மேல் இருக்கிற பழியில் ஒரு துளி குறையும். அந்த ஒரு துளியை விட எனக்கு மனசு வரவில்லை.

ஒரகடம் பஸ் வந்தது. வரேன்க்கா என்று ஏறிவிட்டேன்.