பாலம் தாண்டாத தட்டு

கல்யாணப் பத்திரிகை ஒரு வெள்ளிக்கிழமை மாலை என் கைபேசிக்கு வந்தது. குடும்ப வாட்ஸ்அப் குழுவில் படமாகப் போட்டிருந்தார்கள். அந்தக் குழுவில் நாற்பத்தோரு பேர். என் மனைவியின் எண்ணையும் சேர்த்துத்தான் நாற்பத்தொன்று. அதை நீக்கும் வேலை யாருடையது என்று யாருக்கும் தெரியவில்லை. மணப்பெண் அவளுடைய தம்பி மகள். அவர்கள் ஜொகூரில் குளுவாங்கில் இருக்கிறார்கள். நான் பினாங்கில், பாயான் பாருவில், ஒன்பதாவது மாடி வீட்டில் இருக்கிறேன்.

படத்தைப் பெரிதாக்கி முகூர்த்த நேரம், கோயில் மண்டபம் எல்லாவற்றையும் பார்த்தேன். பிழை எதுவும் இல்லை. கைபேசியைக் கவிழ்த்து வைத்துவிட்டுச் சோற்றுக்கு அரிசி களையப் போனேன்.

எங்கள் சொந்தத்தில் கைபேசியில் வருவது தகவல், அழைப்பு ஆகாது. கணவனும் மனைவியும் சேர்ந்து வீட்டுக்கு வந்து, வெற்றிலை பாக்கு, பழம், தேங்காய், குங்குமம் வைத்த தட்டை இரண்டு கையாலும் நீட்டி, வாயால் கூப்பிட வேண்டும். வேலையிடத்துக்காரர்களுக்குப் படம் போதும். சொந்தக்காரர்களுக்குத் தட்டு.

அவள் இறந்து அப்போது பத்து மாதம் ஆகியிருந்தது. எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. இருந்திருந்தால் மைத்துனர் அவர்களுக்குத் தாய்மாமன். அந்த உறவு யாரும் பிடித்து வைக்காமலே நிற்கும். எங்கள் விஷயத்தில் அவள்தான் கயிறு. அவள் இல்லாமல் நான் அந்த வீட்டுக்கு என்ன முறை என்பது எனக்கு விளங்கவில்லை. இதைப் போன் போட்டுக் கேட்க முடியாது. தட்டு வந்தால் தெரிந்துவிடும். வராவிட்டாலும் தெரிந்துவிடும்.

நான் முப்பத்தொரு வருஷம் ஒரு மின்னணுத் தொழிற்சாலையின் கிடங்கில் இருந்தேன். சில்லுகளையும் திருகுகளையும் எண்ணிக் கணக்கில் ஏற்றுகிற வேலை. பயணத்தில் எனக்கு ஆசை இருந்ததில்லை. அது அவளுடைய ஆசை. பஸ் நிலையத்துக்குள் நுழைந்தாலே அவளுக்குப் பசி எடுத்துவிடும். நான் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருப்பேன். இரண்டு மூன்று வருஷத்தில் அந்த ஆசை எனக்கும் தொற்றிக்கொண்டது. சீட்டு வாங்கியதும் வீட்டிலிருந்து பஸ் வரைக்கும் என்னென்ன கெட்டுப்போகலாம் என்று யோசித்துக்கொண்டிருப்பதே எனக்கு ஒரு சுகமாகிவிட்டது.

சேமிப்புக்கு அவள் வைத்திருந்த வழி எளிது. கடையில் சில்லறை கொடுக்கும்போது பச்சை நோட்டு, அதாவது ஐந்து வெள்ளி, வந்தால் அதைச் செலவழிக்கக் கூடாது. நேரே ஐஸ்கிரீம் டப்பாவுக்குப் போய்விட வேண்டும். மீன் கடையில் ஐந்து வெள்ளி கேட்டால் பத்தை நீட்டி, திரும்பி வருகிற பச்சையைச் சேலைத் தலைப்பில் முடிந்துகொள்வாள். மீன்காரர் சீனர். அவளைப் பார்த்ததும் பச்சை நோட்டைத் தேடி எடுத்துவைப்பார்.

ஓட்டலில் தங்கியதே இல்லை. எந்த ஊருக்குப் போகலாம் என்று பேச்சு வந்தால், அங்கே யார் இருக்கிறார்கள் என்பதுதான் முதல் கேள்வி. சித்தியவானில் அவளுடைய சித்தி, குவாந்தானில் என் அண்ணன் மகன். யாரும் இல்லாத ஊர்களை நாங்கள் பார்த்ததில்லை. லங்காவிக்கு இதுவரை போகவில்லை. குளுவாங்குக்கு மட்டும் வருஷம் தவறாமல் போனோம். ஜாதிக்காய் ஊறுகாயும் பருப்பு பிஸ்கட்டும் கொண்டுபோவோம். திரும்பும்போது தம்பி அக்காளுக்கு ஒரு சேலை எடுத்துக் கொடுப்பார். அந்தச் சேலை அவளுக்கு ஒருமுறைகூடப் பிடித்ததில்லை. எல்லாவற்றையும் கட்டித் தேய்த்தாள்.

கடைசி இரண்டு வருஷத்துப் பச்சை நோட்டுகள் இந்தக் கல்யாணத்துக்கு. மாப்பிள்ளை அமையும் முன்பே அவள் சேர்க்கத் தொடங்கிவிட்டாள். மூன்று நாள் முன்னதாகவே போய்விட வேண்டும், வேலை நிறைய இருக்கும், தம்பி பெண்டாட்டி தனியாகத் திண்டாடுவாள் என்பாள். பிறகு ஒரு காலையில் குளியலறையில் விழுந்தாள். நான் இப்போதும் பச்சை நோட்டை டப்பாவில் போட்டுவருகிறேன். காரணம் ஒன்றும் இல்லை. கை அப்படிப் பழகியிருக்கிறது.

பத்திரிகை வந்த பிறகு குழுவில் தினமும் படங்கள் வந்தன. ஈப்போவில் தட்டு, தெலுக் இந்தானில் தட்டு, பாரிட் புந்தாரில் தட்டு. ஒரு சனிக்கிழமை புக்கிட் தெங்காவில் அவர்களுடைய ஒன்றுவிட்ட அண்ணன் வீட்டில் தட்டு. படத்தில் மைத்துனரும் அவர் மனைவியும் நின்றார்கள். புக்கிட் தெங்காவுக்கும் என் வீட்டுக்கும் இடையில் ஒரு பாலம்தான். கூடத்து நாற்காலிகளைத் துடைத்தேன். வீட்டில் கோப்பி, சீனி, பால் எல்லாம் இருந்தன. சாயங்காலம் ஆயிற்று. அவர்கள் வரவில்லை. மறுநாள் குழுவில் அவர்கள் குளுவாங் வீட்டு வாசலில் கார் நிற்கிற படம் வந்தது.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். பல்லுக்கு மரத்துப்போகிற ஊசி போட்ட மாதிரி இருந்தது. தொட்டால் தெரிகிறது, வலிக்கவில்லை.

எங்கள் புளோக்கின் கீழே நாசி கண்டார் சோற்றுக்கடை வைத்திருக்கிற பாயிடம் மட்டும் சொன்னேன். அவர் கல்லாவில் இருந்தபடியே போன் போட்டுக் கேட்டுவிடச் சொன்னார். எங்களில் கேட்டு வாங்கிக்கொள்கிற பழக்கம் இல்லை என்றேன்.

"அப்ப போகாதீங்கண்ணே, விடுங்க லா."

"டிக்கெட் எடுத்துட்டேன், பாய்."

பாய் சில்லறை எண்ணுவதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தார். "கூப்பிடாத கல்யாணத்துக்கு டிக்கெட் எடுத்த மொத ஆள் நீங்கதாண்ணே" என்றார். பள்ளி விடுமுறை நேரம், சீட்டுத் தீர்ந்துவிடும் என்று நான் விளக்கினேன். அவர் சிரித்துக்கொண்டே போய் எனக்குப் பால் சேர்க்காமல் ஒரு தே ஓ போடச் சொன்னார்.

உண்மையில் டிக்கெட் எடுத்தது பத்திரிகை வந்த மறுநாளே. சுங்கை நிபோங் பஸ் நிலையத்துக்கே போய் எடுத்தேன். கல்யாணத்துக்கு முதல் நாள் காலை பஸ். அந்தப் பஸ்ஸில் ஒரு பக்கம் இரட்டை இருக்கை, மறுபக்கம் ஒற்றை. எங்கே வேண்டும் என்று சீட்டு விற்கிற பெண் திரையைத் திருப்பிக் காட்டினாள். நான் அதுவரை ஒற்றை வரிசையைக் கவனித்ததே இல்லை.

புக்கிட் தெங்கா படம் வந்து இரண்டு வாரம் கழித்து, ஒரு ஞாயிற்றுக்கிழமை பதினோரு மணிக்கு மைத்துனர் கூப்பிட்டார். பட்டர்வொர்த்தில், ஃபெரித்துறைக்கு வெளியே இருப்பதாகச் சொன்னார். ஃபெரி ஏறி அந்தப் பக்கம் வர முடியுமா என்று கேட்டார். யாருக்கு உடம்புக்கு என்ன என்றேன். ஒன்றும் இல்லை, வாங்க மச்சான் என்றார்.

பஸ் பிடித்து ஜெட்டிக்குப் போய் ஃபெரி ஏறினேன். தீவிலிருந்து போகும்போது கட்டணம் இல்லை, திரும்பும்போதுதான். வழியெல்லாம் எனக்கு ஒரே எண்ணம்தான். வீட்டுக்கு வராமல் துறைக்கு வரச் சொல்கிறார் என்றால், வர வேண்டாம் என்பதை நேரில் சொல்லத்தான். மனிதர் நல்லவர். போனில் சொல்ல மனம் வராது.

அவர்கள் சாப்பாட்டுக் கடைகளின் ஓரத்தில் ஒரு மேசையில் இருந்தார்கள். மைத்துனர் எழுந்து நின்றார். அவர் மனைவி, என்னை எப்போதும் அண்ணே என்று கூப்பிடுகிறவர், என் முகத்தைப் பார்க்காமல் நாற்காலியை இழுத்துப் போட்டார். விடியற்காலை நான்கு மணிக்குக் குளுவாங்கில் கிளம்பியிருக்கிறார்கள். வேறு யாரைப் பார்க்க வந்தீர்கள் என்று கேட்டேன். வேறு யாரும் இல்லை என்றார்கள்.

அவர் மனைவிதான் சொன்னார். அந்தச் சனிக்கிழமை புக்கிட் தெங்காவிலிருந்து அடுத்து என் வீடு என்றுதான் காரைக் கிளப்பியிருக்கிறார்கள். அந்த நேரம் பார்த்துக் குளுவாங்கிலிருந்து அவர்களுடைய பெரியம்மா போன் செய்து, வருஷத் திதி முடியாத வீட்டுக்குள் மங்கலத் தட்டு போகக் கூடாது, பெண்ணுக்கு ஆகாது என்று சொல்லிவிட்டார். தட்டில்லாமல் வெறுங்கையோடு வந்து கூப்பிட்டால் அது எனக்கு அவமானம். தட்டோடு வந்தால் பெண்ணுக்குக் கெடுதல். ஜூருவில் ஒரு கார்க் கடைக்கு முன்னால் வண்டியை நிறுத்தி ஒரு மணி நேரம் இரண்டு பேரும் பேசியிருக்கிறார்கள். முடிவு கிடைக்கவில்லை. திரும்பிப் போய்விட்டார்கள். என்னிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் போனும் செய்யவில்லை.

"இவரு அன்னிலேர்ந்து சரியா சாப்பிடலண்ணே" என்றார். "நேத்துதான் எனக்குத் தோணிச்சு. வீட்டுக்குள்ளதானே போகக் கூடாது. ஃபெரிக்கு எந்தத் தீட்டு?"

கடைப் பையிலிருந்து தட்டை எடுத்தார். சில்வர் தட்டு. தே தாரிக் டீ கிளாஸ்களை ஒதுக்கி இடம் பண்ணினார். பக்கத்து மேசையில் மலாய்க்காரக் குடும்பம் ஒன்று மீ கோரேங் சாப்பிட்டுக்கொண்டிருந்தது. அந்த வீட்டுப் பாட்டி கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எங்களைப் பார்த்தார். இருவரும் சேர்ந்து தட்டைப் பிடித்து நீட்டினார்கள். வழக்கமாக எங்கள் வீட்டில் குங்குமம் எடுத்துக்கொள்வது அவள். பத்திரிகையை வாங்குவது நான். நான் பத்திரிகையை எடுத்தேன். குங்குமச் சிமிழ் திறந்தபடி இருந்தது. மூன்று பேரும் அதைப் பார்த்தோம். பிறகு மைத்துனர் மனைவியே அதை மூடினார்.

"அவசியம் வந்துடணும், மச்சான்" என்றார் மைத்துனர்.

எனக்கு அழுகை வரவில்லை. மகிழ்ச்சி என்றும் சொல்ல முடியாது. நான் கேட்க நினைத்தது ஒன்றுதான். அதைக் கேட்டேன்.

"நான் எங்க இருக்கணும்?"

அவர் மனைவியைப் பார்த்தார். மனைவி தட்டைப் பார்த்தார். பெரியம்மா மணவறைக்குப் பக்கத்தில் இருப்பார்கள் என்றும், அவர்களுக்கு வயது எண்பத்தாறு என்றும், சொன்னால் கேட்க மாட்டார்கள் என்றும் மைத்துனர் சுற்றி வளைத்தார். எனக்குப் புரிந்தது. தாலி கட்டும்போது மேலே வர வேண்டாம்.

"சரி" என்றேன். உண்மையில் சரிதான். வருஷம் முடியவில்லை. அவள் இருந்திருந்தால் இந்த விஷயத்தில் பெரியம்மா பக்கம்தான் நின்றிருப்பாள்.

"நீங்க கீழ இருக்கணும் மச்சான். சாப்பாட்டுக் கூடத்துல" என்றார் அவர். "எல பந்தி போடுறோம். கேட்டரிங்காரன் எலைக்கு இவ்வளவுன்னு பேசியிருக்கான். எண்ணுறதுக்கு எனக்கு வேற ஆள் இல்ல."

"அண்ணே எண்ணினா அவன் ஒரு எல கூட ஏமாத்த முடியாது" என்றார் மனைவி.

எத்தனை பேரைக் கூப்பிட்டிருக்கிறீர்கள் என்று கேட்டேன். ஐநூறு பத்திரிகை என்றார். பத்திரிகை கணக்காகாது, தலை எத்தனை என்றேன். அவருக்குத் தெரியவில்லை. ஒரு பந்திக்கு எத்தனை இலை விழும் என்று கேட்டேன். அதுவும் தெரியவில்லை. மண்டபத்தில் எத்தனை மேசை என்பதாவது தெரியுமா என்றேன். அவர் கைபேசியில் மண்டபத்தின் படத்தைத் தேடி எடுத்து நீட்டினார். விரல் வைத்து மேசைகளை எண்ணினேன். இருபத்து நான்கு தெரிந்தது. தூண் ஒன்று மறைத்துக்கொண்டிருந்தது. இதற்குத்தான் முன்னதாகவே வந்து நேரில் பார்க்க வேண்டும் என்றேன். பஸ் டிக்கெட்டை மாற்றிக்கொண்டு மூன்று நாள் முன்னால் வருகிறேன் என்றும் சொன்னேன்.

"டிக்கெட்டா? அதுக்குள்ள எடுத்துட்டீங்களா?" என்றார் மைத்துனர். அவர் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு திரும்பிக்கொண்டார். சிரித்தாரா என்ன என்று தெரியவில்லை.

ஃபெரிக்கு நேரம் ஆயிற்று. வாயில் வரைக்கும் இருவரும் வந்தார்கள். கட்டணம் கட்டிவிட்டு உள்ளே நுழையும்போதுதான் இன்னொன்று கேட்காமல் விட்டது ஞாபகம் வந்தது. எண்ணுகிற ஆள் எந்தப் பந்தியில் உட்காருவது என்று முன்கூட்டியே தெரிந்தால், அந்த ஓர் இலையைச் சரியான பந்திக் கணக்கில் ஏற்றலாம். திரும்பி நின்று கேட்டேன்.

மைத்துனர் நான் ஏதோ பைத்தியக்காரத்தனமாகக் கேட்டதுபோல் பார்த்தார்.

"கடைசிப் பந்தி, மச்சான். வீட்டு ஆளுங்க எல்லாரும் எப்ப சாப்பிடுவாங்க?"

தலையாட்டிவிட்டு உள்ளே போய் உட்கார்ந்தேன். கடல் அமைதியாக இருந்தது. வீட்டு ஆட்கள் எத்தனை பேர் என்று விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன். குளுவாங்கில் ஐந்து. பெரியம்மா வீட்டில் ஏழு. பாயான் பாரு ஒன்று.