ஊற்று கலங்கிய மதியம்

சீனர் இயற்கையைக் கவனித்த விதத்தையும் மேற்கத்தையர் கவனித்த விதத்தையும் ஒப்பிட்டு முதுகலைப் பட்டத்துக்கு ஆய்வு எழுதிக்கொண்டிருந்தேன். பகலில் கண்டியில் விஞ்ஞான வாத்தியார். மற்ற நேரமெல்லாம் பெரிய அறிஞன் என்ற நினைப்பு.

பழைய சீனத்து அதிகாரிகள் மழையை அளக்கத் தெரியாதவர்கள் அல்ல. அளந்ததோடு நிற்காமல், கிணறு கலங்கியதையும் பாம்பு வளையை விட்டு வெளியேறியதையும் எழுதிவைத்தார்கள். வானமும் மண்ணும் மனிதனும் ஒன்றுக்கொன்று பதில் சொல்லும் என்பது அவர்களுடைய எண்ணம். மேற்கத்தையர் ஒவ்வொன்றையும் தனியே பிரித்து, கருவி காட்டுவதை மட்டும் நம்பப் பழகினார்கள். அந்தப் பழக்கத்தைக் கண்டித்து ஓர் அத்தியாயமே எழுதியிருந்தேன். மேற்பார்வையாளர் பாராட்டினார்.

கலஹாவுக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில் ஒன்றில், அக்கா இருந்தாள். மண்சரிவு அபாயமுள்ள இடம் என்று அங்கே ஒரு பிளாஸ்டிக் மழைமானி கொடுத்திருந்தார்கள். நீர் சிவப்புக் கோடு வரை ஏறினால் எல்லோரும் வெளியேற வேண்டும். பார்த்துக்கொள்ளும் பொறுப்பு அக்காவுடையது.

அடைமழையின் மூன்றாம் நாள் மதியம் எனக்குப் போன் பண்ணினாள்.

“தம்பி, ஊத்துத் தண்ணி செவசெவன்னு கலங்கி வருது. நாயெல்லாம் கீழ ரோட்டுக்குப் போயிருச்சு. நாங்களும் எறங்கிரவா?”

“மழைமானி என்ன காட்டுது?”

“பாதிகூட இல்ல.”

“அப்புறம் எதுக்குக்கா பயப்படுற? கோடு வரைக்கும் வந்தா போ.”

சொல்லிவிட்டு விடைத்தாள் திருத்தப் போனேன். பொழுது சாயுமுன் மலை சரிந்து லயத்தின் மேல் இறங்கிவிட்டது. அக்காவின் கணவர், என் மச்சான், கடைக்குப் போயிருந்ததால் பிழைத்தார். அக்காவை இன்றுவரை எடுக்கவில்லை.

முகாமாக்கியிருந்த பாடசாலையில் மச்சானைக் கண்டேன். மழைமானியைப் பற்றித்தான் முதலில் கேட்டேன். எனக்கு வேறென்ன கேட்கத் தெரியும்?

“அதுவா? தண்ணி தேங்கி நின்னா டெங்கு செக் பண்ண வாறவங்க வழக்குப் போடுவாங்கன்னு அன்னைக்குக் காலையில அவதான் கொட்டுனா.”

கடைசியாக எப்போது கொட்டினாய் என்று அன்றைக்கு அக்காவிடம் நான் கேட்கவில்லை. என் வகுப்புப் பிள்ளைகூட அதைக் கேட்டிருக்கும். ஊற்றையும் நம்பவில்லை, கருவியையும் ஒழுங்காகப் பார்க்கவில்லை. சீனரும் என்னைச் சேர்க்கமாட்டார்கள், மேற்கத்தையரும் சேர்க்கமாட்டார்கள். வெட்கமாக இருக்கிறது. அதைச் சொல்லி அழ ஆள் இல்லை.

மச்சானுக்கு என்மேல் கோபமே இல்லை. அதைத்தான் தாங்க முடியவில்லை.

“துணிமணியெல்லாம் பையில கட்டி வச்சிருந்தா,” என்றார். “உங்ககிட்ட பேசிட்டு வந்து எல்லாத்தையும் திரும்ப அலுமாரியில அடுக்குனா. படிச்ச தம்பி சொல்லுது, சரியாத்தான் இருக்கும்னா.”