உயிரோடு கேட்ட அட்வான்ஸ்

செல்லத்தாய்க்கு ஊரில் நல்ல பெயர் இருந்தது என்று சொல்ல முடியாது. வாய் இருந்தது.

வடசேரி சந்தைக்குப் பக்கத்துச் சிப்ஸ் கடை ஒன்றில் நேந்திரங்காய் சீவிப் போடுவது அவள் வேலை. கொதிக்கிற எண்ணெய்ச் சட்டிக்கு மேலேயே நேராகச் சீவுவாள். கை ஒரு பக்கம் ஓட, வாய் வேறொரு பக்கம் ஓடும். "துபாய்க்குக் கொண்டு போவணும், நல்லா கட்டிக் குடுங்க" என்று யாராவது சொல்லிவிட்டால் போதும். "அங்க போயும் இதத்தான் தின்னணுமா? பின்ன என்னத்துக்குப் போனானாம்?" என்பாள். முதலாளி காது கேளாதவர் போல இருந்துவிடுவார். அவள் ஒருநாள் வராவிட்டால் அடுப்பு தூங்கும் என்பது அவருக்குத் தெரியும்.

புருஷன் முருகதாஸ் பெட்ரோல் பங்கில் வாட்ச்மேன். வாயில்லாத மனிதர். அந்த வீட்டுக்கென்று அளந்த பேச்சையெல்லாம் ஒருத்தியே எடுத்துக்கொண்டதால் அவருக்கு மிச்சம் இல்லை.

பனவிளைத் தெருவில் கிருஷ்ணமணியின் வீட்டில்தான் இருவரும் பல வருஷமாகக் குடியிருந்தார்கள். ஒருநாள் காலையில் கிருஷ்ணமணி சிரித்துக்கொண்டே வந்தார். வாடகையைக் கூட்டும்போது மட்டும்தான் அவர் சிரிப்பார். அதனால் செல்லத்தாய் அதற்குத் தயாராகவே நின்றாள். ஆனால் விஷயம் வேறு.

"மவன் மஸ்கட்ட விட்டு வாறான். இந்த வீட்ட இடிச்சுட்டு மாடி வச்சுக் கட்டப்போறான். வாற மாசம் ஒழிஞ்சு தரணும், கேட்டியா?"

"ஒழிஞ்சு தாறேன். எனக்க அட்வான்ஸ்?"

"நீ ஒழிஞ்சு தா. செவரெல்லாம் பாத்துட்டுத் தாறேன்."

"இடிக்கப்போற செவர என்னத்துக்கு அண்ணாச்சி பாக்கணும்?"

பதில் வராத வீட்டுக்காரர்கள் செய்வதையே கிருஷ்ணமணியும் செய்தார். கோபப்பட்டுக்கொண்டு போய்விட்டார்.

வீடு பார்க்கும் படலம் தொடங்கியது. புரோக்கர் ஷிபுவின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து ஒழுகினசேரி, கோட்டாறு, பார்வதிபுரம் என்று சுற்றினாள். ஒரு வீட்டில் மீன் வைப்பீர்களா என்று கேட்டார்கள். இன்னொரு வீட்டில் சொந்த ஊரைக் கேட்டு, திருவிழாக் கொடை கொடுக்கிற குலதெய்வக் கோயிலைக் கேட்டு, அதற்கு மேல் எப்படிக் கேட்பது என்று தெரியாமல் விழித்தார்கள். எல்லா வீட்டிலும் தவறாமல் கேட்டது ஒன்று உண்டு. பத்து மாச வாடகை அட்வான்ஸ்.

வாடகை கொடுக்க இரண்டு பேர் சம்பளமும் போதும். உள்ளே நுழைவதற்குத்தான் வழி இல்லை. புது வீட்டுச் சாவி வேண்டுமென்றால் முதலில் பணம் வைக்க வேண்டும். பழைய பணம் வேண்டுமென்றால் முதலில் கிருஷ்ணமணியிடம் சாவியைக் கொடுக்க வேண்டும். அதுவும் என்றோ கொடுத்த அட்வான்ஸ். இன்றைய விலைக்கு வாசல்படி வரைதான் வரும். நகை ஏற்கெனவே பேங்கில் உறங்கிக்கொண்டிருந்தது.

"வட்டிக்கு எடுங்க அக்கா, நானே ஆளு காட்டித் தாறேன்" என்றான் ஷிபு.

"ஏலே, அப்பம் அவன் எனக்க கூடவே குடியிருக்க வருவானே. அவனுக்கும் சேத்து ஒரு ரூம் பாரு."

கடைசியில் வீடு அகப்பட்டது பனவிளைத் தெருவிலேயே. அரிசிக்கடை சுயம்புராஜின் புறத்து வீடு, கடையை ஒட்டினாற்போல. இரண்டு அறை, தனிக் குழாய், முருங்கை நிழல். செல்லத்தாய்க்குப் பார்த்தவுடன் பிடித்துவிட்டது. பிடித்ததை வெளியே காட்டாமல், "தெருக்காரிதானே அண்ணாச்சி, அட்வான்ஸ பாதியாக்கப்படாதா?" என்றாள்.

"எனக்கொண்ணும் இல்ல. மத்த வீட்டுக்காரங்க என்னைய ஏசுவாங்களே" என்று பிறருக்காகக் கவலைப்பட்டார் சுயம்புராஜ்.

இந்தச் சுயம்புராஜ்தான் பனவிளைத் தெரு மரண உதவிச் சங்கத்தின் தலைவர். மாதாமாதம் சந்தா கட்டினால், செத்தபிறகு ஐஸ் பெட்டி, பந்தல், நாற்காலி எல்லாம் வரும். வீட்டார் கையில் ஒரு தொகையும் கொடுப்பார்கள். செயலாளர், மின்சார ஆபீசில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்ற நேசையன். சங்கத்துப் பணத்தை அவர் தன் பல்லைவிடக் கவனமாகக் காத்தார். பல் பாதி போய்விட்டது, பணம் குறையவில்லை. போதாததற்குத் தெருவில் கொஞ்ச காலமாக யாரும் சாகவும் இல்லை. பணம் பேங்கில் கொழுத்துக் கிடந்தது.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்தபின் பள்ளிக்கூட ஹாலில் சங்கக் கூட்டம். வரவு செலவு வாசித்து முடித்து, "வேற விஷயம் உண்டுமா?" என்று நேசையன் வழக்கம்போலக் கேட்டார். வழக்கமாக யாரும் எழுந்திருக்க மாட்டார்கள். செல்லத்தாய் எழுந்தாள்.

"நான் செத்தா தரக்கூடிய பைசாவ எனக்கு இப்பமே தாங்க."

நேசையன் கண்ணாடியைக் கழற்றினார். "ஒடம்புக்கு ஏதும்...?"

"ஒடம்புக்கு ஒரு கேடும் இல்ல. வீட்டுக்குத்தான் சொகமில்ல. அட்வான்ஸ் குடுக்கணும்."

"சட்டப்படி உறுப்பினர் எறக்கணுமே, செல்லத்தாய்."

"செத்தபொறவு எனக்கு என்னத்துக்கு சாரே? அங்கிண அட்வான்ஸும் இல்ல, வாடகையும் இல்ல. செவரப் பாக்கணும்னு ஒருத்தனும் வரமாட்டான்."

பின்பெஞ்சில் சிரிப்பு கிளம்பியது. பின்பெஞ்சில் இருந்ததெல்லாம் வாடகை வீட்டுக்காரர்கள். முன்வரிசையிலிருந்து ஒருவர் கேட்டார்: "இப்பம் தந்துட்டு, நாளைக்கே நீ போய்ச் சேந்துட்டா?"

"எனக்கு ஐஸ் பெட்டி வேண்டாம். கடும் வெயில்ல செத்தா மட்டும் கொண்டு வாங்க."

இவ்வளவும் பேசும்போது முந்தானை நுனியை அவள் விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கிக்கொண்டிருந்தாள். அதை யாரும் கவனிக்கவில்லை. கடைசி நாற்காலியில் இருந்த முருகதாஸ் மட்டும் கவனித்தார்.

சுயம்புராஜ் எழுந்தார். "இது எறந்தவங்களுக்குள்ள பைசா. இதுல கை வைக்கது பாவம். சங்கம் சம்மதிக்காது."

"பைசா எனக்கில்ல அண்ணாச்சி, உங்களுக்கு. உங்க புறத்து வீட்டுக்குத்தானே அட்வான்ஸ்?"

இறந்தவர்கள் சுயம்புராஜின் மனதிலிருந்து ஒவ்வொருவராக இறங்கிப் போவது முகத்தில் தெரிந்தது. தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆனா, நல்லா யோசிச்சுப் பாத்தா, உயிரோட இருக்கவங்களுக்கு ஒதவாத சங்கம் என்ன சங்கம்? ஒரு குடும்பம் தெருவுல நிக்கும்போ நாம சட்டம் பேசலாமா? ஒருத்தர ஒருத்தர் நம்பணும். நம்பிக்கதான் பெருசு. பைசா இன்னைக்கு வரும், நாளைக்குப் போவும்!"

பின்பெஞ்சு கைதட்டியது. தலைவருக்கு அதுவரை கிடைத்திராத கைதட்டல். அவர் கைகூப்பினார்.

ஆனால் நேசையனுக்கு வியர்த்தது. கொழுத்த பணம் கதவைத் திறந்துகொண்டு வெளியே போவது அவர் கண்ணுக்குத் தெரிந்தது. எப்படியாவது அதைத் தடுக்க வேண்டும். மேசையைத் தட்டினார்.

"நில்லுங்க. பைசா பேங்க விட்டு அசையாது. அட்வான்ஸுக்குப் பதிலா சங்கம் பொறுப்பேத்து எழுதிக் குடுக்கும். செல்லத்தாய் வாடகை தராம போனாலோ, வீட்டுக்குக் கேடு வரவச்சாலோ, அன்னைக்கு சங்கம் தரும். அதுவரைக்கும் ஒத்த பைசா தரமாட்டேன்."

"அப்பம் அட்வான்ஸ் கையில வராதா?" என்றார் சுயம்புராஜ்.

"தலைவரே சங்கத்த நம்பலேன்னா, பின்ன யாரு வே நம்புவா?" என்றார் நேசையன்.

செல்லத்தாய் மெல்லக் கேட்டாள். "நம்பிக்கதான் பெருசுன்னு இப்பம்தானே அண்ணாச்சி சொன்னீங்க? பைசா இன்னைக்கு வரும்..."

"நாளைக்குப் போவும்!" என்று பின்பெஞ்சு முடித்து வைத்தது.

வேறு வழியில்லாமல் சுயம்புராஜ் கையெழுத்துப் போட்டார். பொறுப்பு ஏற்கிற தலைவர் என்று ஓரிடத்தில், அதை ஏற்றுக்கொள்கிற வீட்டுக்காரர் என்று இன்னோரிடத்தில். இரண்டாவது கையெழுத்து கொஞ்சம் கோணலாக விழுந்தது.

திரும்பி நடக்கும்போது செல்லத்தாய் ஒரு வார்த்தை பேசவில்லை. தெருமுக்கு வந்ததும் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டு நின்றுவிட்டாள். முருகதாஸ் பக்கத்தில் நின்றார். வருஷக் கணக்கில் சேர்த்து வைத்திருந்த பாராட்டில் ஒன்றை எடுத்துச் சொன்னார்: "கொள்ளாம் பிள்ளே."

சிப்ஸ் கடையின் லோடு ஆட்டோவில் சாமான் ஏறியது. பால் காய்ச்சுவதற்கு நேசையனும் வந்தார். சங்கம் பொறுப்பேற்ற வீடாயிற்றே, சுவர் எப்படி இருக்கிறது என்று அவருக்கும் பார்க்க வேண்டியிருந்தது. வந்தவர் கண்ணை மூடி ஒரு ஜெபமும் தொடங்கினார். வீட்டுக்கு, விறகுக்கு, குழாய்த் தண்ணீருக்கு, முனிசிபாலிட்டிக்கு என்று ஜெபம் போய்க்கொண்டே இருந்தது.

"சாரே, சட்டுனு ஆமென் சொல்லுங்க, பால் பொங்கிட்டு!"

பொங்கி வழிந்தது நல்லதுதான் என்று எல்லோரும் சொன்னார்கள். அடுப்பைத் துடைத்தவள் மட்டும் சொல்லவில்லை.

கிருஷ்ணமணி பழைய அட்வான்ஸைக் கொடுத்தார். ஆணி அடித்த ஓட்டைகளுக்குப் பிடித்துக்கொண்டு, இழுத்தடித்துத்தான் கொடுத்தார். மிச்சத்தில் அவள் நகையில் பாதியை மீட்டாள். அதற்குப் பிறகு ஒரு நர்ஸ் குடும்பத்துக்கும் ஓர் ஆட்டோக்காரருக்கும் நேசையன் முனகிக்கொண்டே பொறுப்பு எழுதிக் கொடுத்தார். பணம் அசையாததில் அவருக்குப் பரம திருப்தி.

சுயம்புராஜுக்குத்தான் கஷ்டம். புறத்து வீட்டு ஜன்னலைத் திறந்தால் அரிசிக்கடைத் தராசு நேராகத் தெரியும்.

"அண்ணாச்சி, முள்ளு நிக்கதுக்கு முன்ன எடுத்துட்டீங்களே!" என்று ஜன்னலிலிருந்து குரல் வரும். வாங்க வந்தவர் நிமிர்ந்து பார்ப்பார். சுயம்புராஜ் பேசாமல் இன்னொரு பிடி அரிசியை அள்ளிப் போடுவார்.