கேட்டைப் பிடித்த கை

சிரம்பானிலிருந்து ரெம்பாவுக்குப் போகும் பஸ்ஸில் இடது பக்கம் உட்கார்ந்தால் அந்தக் கார் தொழிற்சாலையின் இரும்பு கேட் இன்னும் தெரியும். கூரைத் தகடுகளைக் கழற்றி விற்றுவிட்டார்கள். செம்புக் கம்பியை இழுப்பதற்காகச் சுவரையே இடித்துப் போட்டிருக்கிறார்கள். கேட்டை மட்டும் யாரும் தொடவில்லை. கனமாக இருப்பதால் விட்டிருப்பார்கள், பயத்தினால் அல்ல. எங்கள் ஊரில் இப்போது யாருக்கும் எதற்கும் பயமில்லை. அந்த இடம் வந்தால் நான் முகத்தைத் திருப்பிக்கொள்வேன். கேட்டைப் பார்த்தால் அண்ணன் ஞாபகம் வரும். கூடவே என் வீட்டுக்காரர் மேல் கோபமும் வரும். அன்றைக்கு வீட்டில் சமையல் சரியாக அமையாது.

நாங்கள் தோட்டத்துப் பிள்ளைகள். ரப்பர் மரம் போய் எண்ணெய்க்கான செம்பனை வந்தது. செம்பனை வேலையும் வெளிநாட்டு ஆட்கள் கைக்குப் போனதும் நாங்கள் குடியிருந்த லயத்தை இடித்து எங்களைத் தாமான் என்கிற புதுக் குடியிருப்பு வீடுகளுக்கு அனுப்பினார்கள். பக்கத்திலேயே கார் தொழிற்சாலை எழும்பியது எங்கள் அதிர்ஷ்டம் என்று நினைத்தோம். அண்ணன் வெல்டிங் பிரிவில் சேர்ந்தார், என் வீட்டுக்காரர் பெயிண்ட் பிரிவில், நான் கேண்டீனில். பிரெஸ் மெஷின் இறங்கும்போதெல்லாம் கேண்டீன் மேசையில் அடுக்கிய கிளாஸ்கள் கிடுகிடுக்கும். அது தகட்டை மட்டும் வெட்டவில்லை. சில ஆண்களின் விரல்களையும் வெட்டியது. அப்படியும் மறுநாள் அந்த இடத்துக்கு ஆள் வரிசையில் நிற்பான். பஸ், சாப்பாட்டுக் கடை, பள்ளி வேன், கோயில் பூஜை எல்லாமே ஷிப்ட் நேரத்தைப் பார்த்துத்தான் நடந்தன. சூப்பர்வைசரைக்கூட நாங்கள் தோட்டத்துக் கங்காணியைப் போல மண்டோர் என்றுதான் கூப்பிட்டோம். தோட்டம் எங்களை விட்டதே ஒழிய நாங்கள் தோட்டத்தை விடவில்லை.

பிறகு கார் விற்கவில்லை என்றார்கள். இரவு ஷிப்டை நிறுத்தினார்கள். முதல் தவணையில் வெளியே அனுப்பப்பட்டவர்களில் என் வீட்டுக்காரரும் ஒருவர். வேலையில்லாத ஆண்கள் நிறைந்த ஊர் எப்படி இருக்கும் என்று அப்போதுதான் பார்த்தேன். மாமாக் சாப்பாட்டுக் கடையில் யாரோ சிரித்ததற்காக நாற்காலி பறந்து ஒருத்தன் தாடை உடைந்தது. எதிர்வீட்டுக்காரன் மோட்டார் ஹெல்மெட்டால் பெண்டாட்டியை அடித்தான். அவள் சத்தம் கேட்டும் யாரும் போகவில்லை. வாசலில் நிறுத்திய கார் விடிந்ததும் செங்கல் மேல் உட்கார்ந்திருக்கும். சக்கரத்தை மாட்டியவனுக்குக் கழற்றவும் தெரியும் அல்லவா? என் வீட்டுக்காரர் ஒரு செக்யூரிட்டி கம்பெனியில் சேர்ந்தார். சீருடை, ஹெல்மெட், தடி எல்லாம் கொடுத்து, பழைய தொழிற்சாலைக்கே காவலுக்கு அனுப்பினார்கள்.

ஒரு நாள் தொழிற்சாலையையே மூடிவிட்டார்கள். மெஷின்களை லோரியில் ஏற்றிக் கொண்டுபோகப் போகிறார்கள் என்று செய்தி வந்தது. மெஷின் இருந்தால் யாராவது வாங்கித் திரும்ப நடத்துவான், அதுவும் போனால் ஊர் முடிந்தது என்று வெல்டிங் ஆட்கள் கேட்டுக்கு வெளியே உட்கார்ந்துவிட்டார்கள். அவர்களுக்கு முன்னால் நின்றது என் அண்ணன். நாங்கள் சின்னப் பிள்ளைகளாக இருந்தபோது தோட்டத்தில் ஒரு சண்டை வந்து எல்லோரும் டிராக்டர் முன்னால் உட்கார்ந்தோம். ஓட்டியவர் நம் லயத்து ஆள். எஞ்சினை அணைத்துவிட்டு இறங்கி எங்களோடு உட்கார்ந்துகொண்டார். அண்ணன் அதை மறக்கவே இல்லை.

“உள்ளார நிக்கிறது யாரு? நம்ம பசங்கதானே. கை ஓங்குவானுங்க, அடிக்க மாட்டானுங்க லா,” என்றார்.

முதல் பாட்டில் எந்தப் பக்கத்திலிருந்து பறந்தது என்று இன்றுவரை ஆளுக்கொரு கதை சொல்கிறார்கள். நான் தேத்தண்ணி வாளியோடு சாலை ஓரத்தில் நின்றேன். கல் பட்டு ஒரு லோரி டிரைவரின் நெற்றி பிளந்தது. பக்கவாசல் வழியாகக் காவலர்கள் பாய்ந்து வந்து உட்கார்ந்திருந்தவர்களை அடித்தார்கள். கூட வேலை செய்த ஒருத்தர் வாயிலிருந்து பல்லைத் துப்பினார். லோரிகள் உள்ளிருந்து ஹாரனை அழுத்திக்கொண்டே இருந்தன. அண்ணன் ஓடவில்லை. கேட்டின் இரண்டு கதவுகளும் சேரும் இடத்தை வலது கையால் சேர்த்துப் பிடித்துக்கொண்டார். உள்ளே நேர் எதிரில் ஒரு காவலர் வந்து நின்றார். ஹெல்மெட்டின் கறுப்புக் கண்ணாடிக்குள் முகம் தெரியாது. ஆனால் தினமும் நான் துணி துவைத்துப்போடும் மனுஷனின் தோளை எனக்கு அடையாளம் தெரியாதா?

அண்ணனுக்கும் தெரிந்துவிட்டது. “மாப்ள, நான்தான்,” என்றார்.

தடி இறங்கியது. அண்ணன் கையை எடுக்கவில்லை. மறுபடி இறங்கியது. மூன்றாவது அடியில் கம்பிக்கும் தடிக்கும் நடுவே எலும்பு நொறுங்கியதை நான் நின்ற இடத்திலிருந்தே கேட்டேன். கேட் திறந்தது, லோரிகள் போயின.

அன்று மாலை வீட்டுக்கு வந்தவர், “பின்னால மேனேஜர் நின்னு பாத்துக்கிட்டே இருந்தாரு. நான் என்னா பண்றது?” என்றார். சோற்றுச் சட்டியை அவர் மேல் விட்டெறிந்தேன். நெற்றி கிழிந்து ரத்தம் வந்தது. எனக்கு அது போதவில்லை. சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போலீஸ்காரர் வந்து யார் அடித்தது என்று கேட்டபோது, எல்லோரும் ஹெல்மெட் போட்டிருந்தார்கள், முகம் தெரியவில்லை என்று அண்ணன் சொன்னார். சொல்லிவிட்டு என்னைப் பார்க்காமல் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். கேட்டில் அடிபட்டது ஊருக்கே தெரியும். அடித்தது யார் என்பது எங்கள் மூன்று பேருக்குத்தான் தெரியும். என் புருஷன் ஜெயிலுக்குப் போகவில்லை, சரி. அண்ணன் இனி என் வாசலை மிதிப்பாரா? எனக்கு அது ஒன்றுதான் கேள்வியாக இருந்தது. அவர் சிரம்பான் பக்கம் பாரோய்க்குக் குடிபோனார், ஃபோன் அடித்தால் எடுக்கவில்லை.

மகளுக்குக் காது குத்த வேண்டியிருந்தது. தாய்மாமன் மடியில் உட்காராமல் எங்கள் பிள்ளைகளுக்குக் காது குத்துவதில்லை. நேரில் போய் அழைத்தேன். “புள்ள என்னா பாவம் பண்ணுச்சு? வர்றேன்,” என்றார் அண்ணன். உட்காரச் சொல்லவில்லை.

சொன்னபடி வந்தார். பழைய தோட்டத்து முனியாண்டி கோயிலில் நாற்காலி போட்டு, மகளை மடியில் வைத்துக்கொண்டார். வெல்டிங் ஆட்களும் வந்திருந்தார்கள். என் வீட்டுக்காரர் தட்டில் வெற்றிலை பாக்கும் இரண்டு தங்கத் தோடுகளும் ஏந்தி நின்றார். தாய்மாமன் தோட்டை எடுத்துப் பத்தரிடம் கொடுக்க வேண்டும். அண்ணன் இடது கையை நீட்டினார். என் அத்தை முகம் சுளித்தார். முதல் காது குத்தியாயிற்று, பிள்ளை வீறிட்டது. இரண்டாவது தோட்டுக்கும் அண்ணன் இடது கையைத்தான் நீட்டினார்.

“ஏண்டா, பொம்பளப் புள்ள தங்கத்தைப் பீச்சாங்கையாலயா எடுப்ப?” என்று அத்தை சத்தம் போட்டார். “வெரல் மடங்காட்டியும் பரவால்ல, சோத்துக் கைய நீட்டு. மாப்பிள்ளைய இப்படியா அவமானப்படுத்துறது?”

“அவர ஒண்ணும் சொல்லாதீங்க,” என்றார் என் வீட்டுக்காரர். “அந்தக் கைய ஒடைச்சது நான்தான்.”

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. புரிந்ததும் வெல்டிங் ஆட்கள் பாய்ந்தார்கள். தட்டு பறந்தது. வாயில் ஒருத்தன் குத்தினான், விழுந்தவரை இன்னொருத்தன் உதைத்தான். அவர் கையைத் தூக்கித் தடுக்கவே இல்லை. நான் போய்த் தடுக்கவில்லை. கால் நகரவில்லை என்று பொய் சொல்ல மாட்டேன், எனக்கு மனம் வரவில்லை.

“டேய், விடுங்கடா!” அண்ணன் நாற்காலியை விட்டு எழாமல் கத்தினார். மகளை இடது கையால் மார்போடு அணைத்திருந்தார். “இன்னொரு காது பாக்கி இருக்கு. எல்லாம் உக்காருங்க.”

உட்கார்ந்தார்கள். என் வீட்டுக்காரர் மண்ணில் முழங்காலிட்டுத் தோட்டைத் தேடி எடுத்து, சட்டையில் துடைத்து, பொறுக்கிய வெற்றிலையோடு தட்டில் வைத்தார். வாயிலிருந்து ரத்தம் வெற்றிலை மேல் சொட்டியது.

“மாப்ள, தட்டைத் தூக்கிப் பிடி,” என்றார் அண்ணன். இடது கையை நீட்டினார். இந்த முறை அத்தை வாயைத் திறக்கவில்லை.