முன்னொட்டுப் பாடமும் யோகராணியின் கையெழுத்தும்

1. சனிக்கிழமை

ஒடாஹுஹு என்ற புறநகரில், புதிதாகக் குடியேறியவர்களுக்கு ஒன்பது வருடமாக ஆங்கிலம் படிப்பித்து வந்தேன். அன்றைக்கு முன்னொட்டுப் பாடம். சொல்லுக்கு முன்னால் ‘அன்’, ‘மிஸ்’ போட்டால் பொருள் எப்படி மாறும் என்று விளக்கி முடித்தேன். வகுப்பில் படிக்கிற யோகராணி, தன் வேலையிடத்து விபத்து அறிக்கைத் தாளோடு வந்தார். மனுரேவாவில் ஒரு கிடங்கில் பெட்டி கட்டுகிறவர். அங்கே மெஷினில் அடிபட்டு, இடது கையில் பெரிய கட்டு.

“டீச்சர், இதில ‘மிஸ்’ எண்டு கிடக்கு. நீங்கள் சொன்ன மிஸ்தானோ?”

வாசித்தேன். பற்றிக்கொண்டு வந்தது. ‘மிஸ்யூஸ்’, அதாவது மெஷினைத் தவறாகப் பாவித்தாராம். ‘அன்ஓதரைஸ்ட்’, அனுமதியில்லாமல் தொட்டாராம். மெஷினின் காப்பு மூடி உடைந்து கிடக்கிறது என்று மூன்று தரம் முறையிட்டு, போனில் படமும் எடுத்து வைத்திருந்தவர் அவர். கீழே அவருடைய கையெழுத்து! திங்கட்கிழமை விசாரணை. வேலை போனால் விசாவும் போகும், பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் போகும்.

“வாசிக்காமல் ஏன் சைன் வைச்சனீங்கள்?” கத்தியே விட்டேன்.

“சூப்பர்வைசர் பக்கத்திலேயே நிண்டவர், டீச்சர். ஓம் எண்டுதானே சொல்ல வேணும்?”

மேலதிகாரி முன்னால் நின்று வாசித்தால் அவரைச் சந்தேகிப்பதாகிவிடும் என்று நம் ஆட்களுக்கு ஒரு கூச்சம். அந்தக் கூச்சத்தை அந்த மனிதர் நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். எனக்குக் கொதித்தது அதற்குத்தான்.

வகுப்பு நடக்கிற எங்கள் நிலையத்தின் பொறுப்பாளர் எட்டிப் பார்த்தார். “அவங்கட வேலைப் பிரச்சினை எங்களுக்கு எதுக்கு? ஒர்க்‌ஷீட்டை முடியுங்கோ.”

ஒர்க்‌ஷீட்டில் ‘ஹாப்பி’க்குச் சிரிக்கிற பூனை ஒன்று, ‘அன்ஹாப்பி’க்கு அழுகிற பூனை ஒன்று. நாற்பது வயது மனிதர்களுக்குப் பூனை! அதைத் தூக்கி ஒரு பக்கம் வைத்துவிட்டு, யோகராணியிடம் கேட்டு, அவருடைய தாளிலிருந்த சொற்களைப் பலகையில் எழுதினேன். வகுப்பே சேர்ந்து ஒவ்வொன்றாகப் பிரித்துப் படித்தது.

2. திங்கட்கிழமை

துணைக்கு ஆள் வரலாம் என்பதால் நானும் போனேன். மனேஜர் தாளைத் தட்டி, “உங்கட கையெழுத்துத்தானே?” என்று ஆங்கிலத்தில் கேட்டார்.

யோகராணி தட்டித் தடுமாறி ஆங்கிலத்திலேயே சொன்னார்: “கையெழுத்து என்ரை. எழுதினது நான் இல்லை. நான் மிஸ்யூஸ் பண்ணேல்ல. மெஷின்தான் அன்சேஃப்.” போனைத் திறந்து படங்களைக் காட்டினார்.

மனேஜர் சூப்பர்வைசரைப் பார்த்தார். சூப்பர்வைசர் யன்னலைப் பார்த்தார். வேலை தப்பியது. மன்னிப்பு என்று ஒரு சொல் வரவில்லை, பாவிகள்!

3. அடுத்த சனிக்கிழமை

வகுப்புக்கான அரசுக் காசைக் கேட்டு நிலையம் அனுப்புகிற வரவுத்தாளைக் கொடுத்து, “கெதியா சைன் வையுங்கோ, பாடம் தொடங்க வேணும்” என்று அவசரப்படுத்தினேன். யோகராணி தலைப்பிலிருந்து வாசிக்கத் தொடங்கினார். பின்னால் வரிசை நின்றது.

“டீச்சர், ரெண்டு மணித்தியாலம் படிச்சதெண்டு கிடக்கு. எங்களுக்கு ஒண்டரைதானே நடக்குது?”

ஒன்பது வருடமாக அந்த வரியை நான் வாசித்ததே இல்லை. அன்றைக்கு யாரையும் கையெழுத்து வைக்க விடவில்லை. தாளைத் தூக்கிக்கொண்டு பொறுப்பாளரின் அறைக்குப் போனேன். படிப்பிக்க வருகிறவர்களே, நீங்கள் நீட்டுகிற தாளை முதலில் நீங்கள் வாசியுங்கள்.